மேகத்துக்குள் வந்த துணையக்கா

மேகம் கொல்லைக்குள் இறங்கியிருந்த ஒரு பிற்பகலில், கேழ்வரகுப் பயிருக்கு நடுவே முக்காடிட்ட ஓர் உருவம் நடந்து வந்தது. களைக்கொத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன். வத்தல்மலையில் மூடுபனி கவிந்தால் மரங்கூட ஆள்போலத் தோன்றும். அது பக்கத்தில் வந்து, "ஏன் புள்ள, உங்கூரு இவ்ளோ மேலயா இருக்குது?" என்று கேட்டபிறகுதான், துணையக்கா என்று நம்பினேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தருமபுரியில் நான் சேர்ந்த கல்லூரியில், என்னைப் போன்றவர்களுக்கு உதவ ஒரு திட்டம் இருந்தது. முதலாண்டில் சேரும் ஒவ்வொருத்திக்கும் மேல்வகுப்பில் படிக்கும் ஒருத்தியைத் துணையாகப் போடுவார்கள். எனக்கு வாய்த்த துணையக்கா காரிமங்கலத்தில் மெத்தை தைக்கும் கடைக்காரரின் மகள். அவளும் அவர்கள் வீட்டில் முதல் ஆள்தான். மாலையில் ஆளில்லாத வகுப்பறையில் உட்கார்ந்து, ஆங்கிலப் பாடத்தை வரிவரியாக என்னை வாசிக்கச் சொல்வாள். அவளோடு இருக்கும்போது எல்லாம் புரிந்தது. காலையில் வகுப்புக்குப் போனால், தண்ணீருக்கடியில் இருந்து கேட்பதுபோல் எல்லோருடைய குரலும் எங்கோ மேலே மிதந்து போகும். எழுந்து பெயர் சொன்ன ஒருநாள் என் பேச்சைக் கேட்டுப் பின்வரிசையில் சிரித்தார்கள். ஊர்த் திருவிழாவுக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். லீவு என்று சொன்னதை அம்மா நம்பவில்லை. ஆனாலும் களைக்கொத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

துணையக்கா கல்லூரிப் பேச்சை எடுப்பாள் என்று காத்திருந்தேன். அவள் எடுக்கவேயில்லை. பாவாடையைச் செருகிக்கொண்டு களை பறிக்க இறங்கி, களையை விட்டுவிட்டுக் கேழ்வரகைப் பிடுங்கினாள். அம்மா சிரித்தபடி கையைப் பிடித்துத் தடுத்தாள். வீட்டில் துணையக்கா கேழ்வரகுக் களியை உருட்டி விழுங்கத் தெரியாமல் மென்று தின்றாள். அம்மா மெதுவாகக் கேட்டாள்: "இவளக் கூட்டிக்கிட்டுப் போகத்தான கண்ணு வந்த?"

அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "தெரியலீங்கம்மா. வரணும்னு இருந்துச்சு, வந்துட்டேன்" என்றாள்.

பொழுது சாயும்போது பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். மேகம் விலகிய இடைவெளியில் கீழே தருமபுரி விளக்குகள் தெரிந்தன. "அங்க இருக்கறப்ப எவ்ளோ பெருசா இருக்குது" என்றாள். மறுபடி மேகம் மூடியது; நாங்கள் இருவரும் எதன்மீதும் இல்லாமல் மிதப்பதுபோல் இருந்தது.

காலையில் கீழே போகிற ஜீப் வந்ததும், என் துணிப்பையை அம்மாவே தூக்கிவந்து வைத்தாள். "ரெண்டு பேரும் போங்க. படிப்பு வரலைன்னா அப்பறம் பாத்துக்கலாம். பயந்துக்கிட்டு மட்டும் வூட்டுல உக்காராதீங்க."

முதல் தடவை ஆங்கிலத்தில் தோற்றேன். மறுமுறை தேறினேன். பட்டம் வாங்கி, இப்போது வேறொரு கல்லூரியில் இதே துணைத் திட்டத்தைக் கவனித்துக்கொள்கிறேன். என்னை அழைத்துப்போக மலையேறி வந்தவள் என்று ஒவ்வோர் ஆண்டும் புதிய துணைகளுக்கு அவளைப் பற்றிச் சொல்வேன். ஓசூரில் வேலை பார்க்கும் அவளிடம் அண்மையில் போனில் இதைச் சொன்னபோது குறுக்கிட்டாள்.

"நான் உன்னக் கூட்டிக்கிட்டுப் போக வரல புள்ள. அந்த வாரந்தான் எங்கூட்டுல மாப்ள பேசிட்டாங்க. காலேஜ நிறுத்தச் சொல்லிட்டாங்க. எங்க போறதுன்னு தெரியல. உங்கூரு ஞாபகம் வந்துச்சு."

"அப்பறம்?"

"உங்கம்மா ரெண்டு பேரும் போங்கன்னாங்க. கீழ எறங்குனதும் நேரா வூட்டுக்குப் போயி, படிப்பு முடியட்டும்னு சொன்னேன். அதுக்கு முன்னாடி எனக்கு வாயே வரல."

கல்லூரியில் இரண்டாண்டுகள் அவள் பக்கத்தில் இருந்திருக்கிறேன். என்னைப் பற்றியே பேசியிருக்கிறேன்.

இந்த வாரம் சித்தேரி மலையிலிருந்து வரும் ஒரு மாணவி வகுப்புக்கு வரவில்லை. அவளுடைய துணை என் அறைக்கு வந்து, "நான் போய்ப் பாத்துட்டு வரட்டுங்களா மேடம்? என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒரு நாள் கூட இருந்துட்டு வா" என்றேன்.

தலையாட்டிவிட்டுக் கதவுவரை போனாள்.

"நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டேன்.

கதவில் கைவைத்தபடி நின்றாள். பிறகு திரும்பி வந்து, எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.