கோணி வாடை

சம்பத் தெருவில் நடந்தால் நாய்கள் குரைக்காது. படுத்திருப்பவை எழுந்து, வாலைப் பின்னங்காலுக்குள் செருகிக்கொண்டு சந்துக்குள் போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக அவன் செய்த வேலை அப்படி. கருங்குழிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பிடுங்கிய குடும்பத்தில் பிறந்தவன். ஏரி வற்றிப்போன ஒரு வருஷம் பிழைப்புத் தேடிக் கடற்கரைப் பக்கம் வந்து, அங்கே ஒரு பேரூராட்சியில் நாய் பிடிக்கும் காண்ட்ராக்டரிடம் கூலியாகச் சேர்ந்தான். அதற்கப்புறம் வேறு வேலை தேடவில்லை, வேறு வேலை யாரும் கொடுக்கவும் இல்லை.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். சம்பத் கையில் நீளக் கம்பும் அதன் நுனியில் கம்பிச் சுருக்கும். அவன் கூட்டாளி கருப்பன் கையில் கோணி. நாயைச் சுவரோரம் ஒதுக்கி, கருப்பன் கோணியை விரித்து அதன் முன்னால் ஆட்டுவான். நாய் நின்றுவிடும். பின்னங்கால்கள் மடங்கும், குந்தும், அந்த இடத்திலேயே மூத்திரம் விடும். "மடங்கிச்சு" என்று கருப்பன் சொன்னதும் சுருக்கு விழும். பிறகு வண்டி, குப்பைமேடு, புளியங்கட்டை. காதுக்குப் பின்னால் ஒரே அடி. இரண்டாவது அடி தேவைப்பட்டால் சம்பத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அது இரக்கத்தால் வந்ததில்லை. வேலை சுத்தமாக இல்லை என்ற கோபம்.

அந்தக் கோணியை மட்டும் அவர்கள் கழுவுவதே இல்லை. கருப்பனின் மாமன் காலத்துப் பாடம் அது. பழைய நாய்களின் வாடை ஏறியிருந்தால்தான் புது நாய் மோந்து பார்க்க நிற்கும், மோந்த இடத்தில் தானும் குந்தும் என்பது கணக்கு. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கணக்கு தப்பியதில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் புரட்டாசியில் அவன் மனைவி ஜெனிட்டா ஒயர் கூடையில் ஒரு நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அணுமின் நிலையக் குடியிருப்பில் அவள் பாத்திரம் தேய்க்கும் வீட்டுக் குட்டி. வெள்ளைச் சடை நாய், பெயர் பிங்கி, மூன்று மாதம். ரத்தபேதி கண்டதும் அந்த வீட்டம்மா, "எங்கேயாவது விட்டுடு" என்று கூடையோடு கொடுத்துவிட்டாள். ஜெனிட்டா அதை நேராகக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், எட்டு நாள் காலையும் மாலையும் குளுக்கோஸ் ஏற்றி, உப்பும் சர்க்கரையும் கரைத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டுப் பிழைக்க வைத்திருந்தாள்.

மருந்தகத்துக் கம்பவுண்டர் செல்வராஜ் சொல்லியனுப்பினார்: "இந்தச் சீக்குல நூத்துல பத்துகூடத் தேறாதும்மா. இது தேறிடுச்சு. ஆனா குடலு வெந்து போயிருக்குது. ஒரு மாசத்துக்கு அதால அடக்க முடியாது. அடிக்கிடி வெச்சுக்காதீங்க."

ஜெனிட்டா இதை அப்படியே வந்து சொன்னாள். சம்பத் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "எனக்கு நாயப் பத்தி கம்பவுண்டர் சொல்றானா?" என்றான்.

புதுப்பட்டினத்தில் காசியம்மாளின் வரிசை வீட்டில் அவர்களுடையது கடைசி அறை. ஐந்து குடித்தனத்துக்கும் ஒரே நடை. சிவப்பு சிமெண்டுத் தரை போட்ட நீள நடை, பின்கதவு வரை போகும். பின்னால் குழாய், கக்கூஸ், ஒரு வேப்பமரம். காசியம்மாள் தினம் இருமுறை அந்த நடையைத் துடைப்பாள். பிங்கி வந்த மூன்றாம் நாள் அதன் நடுவில் ரத்தமும் சளியுமாகக் கழிந்து வைத்தது.

"தே, சம்பத்து," என்றாள் காசியம்மாள். "ஊரு நாயெல்லாம் உன்னப் பாத்து ஓடுது. உன் வூட்டு நாயி என் நடையில ரத்தமா பேண்டுகினு கீது. கார்த்திகைக்கு இங்க விளக்கு வெப்பேன். அதுக்குள்ள பழக்கிக்கோ. அப்பாலயும் பேண்டுதுன்னா, கஞ்சி வடிக்கிற சட்டியோட அது மேல கவுத்துடுவேன். இல்லன்னா உன் வண்டியிலயே ஏத்திகினு போய்டு."

ஜெனிட்டா நடையைக் கழுவினாள். காசியம்மாள் சொன்னால் செய்வாள் என்பது ஐந்து குடித்தனத்துக்கும் தெரியும். போன வருஷம் கஞ்சி ஊற்றிய பூனை, ரோமம் உரிந்து இரண்டு நாள் கத்திச் செத்தது.

ஜெனிட்டா காலையில் வேலைக்குப் போய்விடுவாள். பழக்கும் பொறுப்பு சம்பத் தலையில் விழுந்தது. அவனுக்குத் தெரிந்த முதல் வழி, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி. கழிந்த இடத்தில் மூக்கைத் தேய்த்து, சைக்கிள் டியூப்பால் நாலு வைப்பது. வைத்தான். குட்டி அடிவாங்கிக்கொண்டே மறுபடி கழிந்தது. அதற்கும் வைத்தான். ஒரு வாரத்தில் அது கட்டிலுக்கு அடியில் புகுந்து அங்கேயே போனது.

இரண்டாவது வழி தொழிலில் கற்றது. நாய்க்கு நாய் வாடை காட்டினால் குந்தும். சம்பத் கோணியின் ஓரத்தில் முழம் அகலத்துக்கு வெட்டியெடுத்து, வேப்பமரத்தடியில் விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்தான். பிங்கியைப் பிடரியில் தூக்கிக்கொண்டு போய் அதன்மேல் நிறுத்தினான். கால்கள் மடங்கின. குந்தியது. கோணிமேல் சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டது.

"பாத்தியா மே," என்று சாயங்காலம் ஜெனிட்டாவிடம் சொன்னான். "ஒரே நாளு. நாய்க்காரன் பழக்கினா இப்படித்தான்."

"அப்ப நடையில கீறது இன்னா? நீ போனதா?" என்றாள் அவள்.

கோணியில் குந்திய குட்டி, கீழே விட்டதும் நடைக்கு ஓடிவந்து அங்கே குடலைக் காலி செய்திருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள், சம்பத் தாழ்ப்பாளைத் தூக்கும் சத்தத்துக்கே அது நின்ற இடத்தில் கழிந்தது. சொன்னது புரிந்தும் செய்யாத திமிர் என்று சம்பத் முடிவு கட்டினான். அடி கூடியது. குட்டியின் விலாவில் சடைக்கு அடியில் தடித்த கோடுகள் விழுந்தன.

ஐப்பசி பிறந்த அன்று மத்தியானம், கழிந்துகொண்டிருந்த பிங்கியை நடையில் காசியம்மாள் கையும் களவுமாகப் பார்த்தாள். கார்த்திகை வரை அவள் பொறுக்கவில்லை. கொதிக்கும் கஞ்சியை வீசினாள். முக்கால்வாசி தரையில் விழுந்தது, மிச்சம் பின்னந்தொடையில். அந்த அலறலில் எதிர்வரிசைக்காரர்கள் கதவைத் திறந்தார்கள்.

"இன்னாத்துக்கு வெச்சுகினு பேஜாரு பட்ற? நீ கொல்லாத நாயா?" என்றாள் காசியம்மாள், எல்லோர் காதிலும் விழும்படி.

சம்பத்துக்கு முகம் கறுத்தது. உத்தரத்தில் செருகியிருந்த சுருக்குக் கம்பை உருவினான். கட்டிலடியில் நுழைந்து தொடையை நக்கிக்கொண்டிருந்த குட்டியின் கழுத்தில் சுருக்கை மாட்டி இழுத்துத் தூக்கினான். நாலு காலும் காற்றை உதைத்தன. நாக்கு நீலமாக வெளியே வந்தது. இடது கையில் கம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் புளியங்கட்டைக்காகக் கதவோர மூலைப்பக்கம் நீட்டினான். கட்டை அங்கே இல்லை.

அது வாசலில் நின்ற ஜெனிட்டாவின் கையில் இருந்தது. வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நீட்டிய கையின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். பச்சை விறகு முறிகிற சத்தம் கேட்டது. கம்பு கீழே விழுந்தது, குட்டியும் விழுந்தது. குனிந்த முதுகில் இரண்டாவது அடி விழுந்தது.

"யோவ், இன்னொரு தபா தூக்கு," என்றாள். "இன்னொரு கையும் உனக்கு கீது."

செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போய்ப் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டான். மூங்கில் பட்டையும் முட்டை வெள்ளையுமாகச் சுற்றிவிட்டு, ஆறு வாரம் கை அசையக்கூடாது என்றார்கள். எப்படி உடைந்தது என்று கேட்டவரிடம் சைக்கிள் என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெனிட்டா, "ஆமா, சைக்கிளுதான்," என்றாள்.

மறுநாள் கருப்பன் வந்து கம்பையும் கோணியையும் எடுத்துக்கொண்டு போனான். "சீசன் வர்ற நேரத்துல இப்டி வுட்டுட்டியே மச்சான். ஒன்னு பண்ணு, தங்கச்சியை அனுப்பு. அது கையில கட்டையக் குடுத்தா மகாபலிபுரம் வரைக்கும் ஒரு நாயி இருக்காது."

"போடா," என்றான் சம்பத்.

வேலையில்லாதவனுக்குப் பாயில் படுத்திருப்பதே வேலையானது. பிங்கி எதிர்மூலையில், அவனிடமிருந்து எவ்வளவு தள்ளிப் படுக்க முடியுமோ அவ்வளவு தள்ளி. வெந்த தொடையில் ஜெனிட்டா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசியிருந்தாள். பின்கட்டுக்கு அழைத்துப் போனால், வேப்பமரத்தைப் பார்த்ததுமே அவள் கையைப் பிறாண்டிக்கொண்டு உள்ளே ஓடிவந்தது. அவள் காசியம்மாளுக்கு முந்திக்கொண்டு துணியும் பினாயிலுமாக அலைந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு பகல் பின்கட்டில் தண்ணீர் ஏறி, கல் புரண்டு, மரத்தடிக் கோணித்துண்டு மிதந்துவந்து அவர்கள் அறை ஜன்னலுக்குக் கீழே ஒதுங்கியது. ஈர வாடை உள்ளே வந்தது. சம்பத் ஒருக்களித்துப் படுத்திருந்தான். கன்னம் பாயில், கண் தரைமட்டத்தில். எதிரே பிங்கி எழுந்தது. யாரும் அதைத் தொடவில்லை, அதட்டவில்லை. பின்னங்கால்கள் மடங்கின. உதடு பின்னுக்கு இழுத்துப் பல் தெரிந்தது. கண்ணில் வெள்ளை மட்டும்தான் இருந்தது. குந்திய இடத்தில் மூத்திரம் பரவியது.

'மடங்கிச்சு' என்று அவன் வாய் தானாக முணுமுணுத்தது. ஆயிரம் நாய் மடங்கிப் பார்த்திருக்கிறான், எல்லாம் மேலேயிருந்து, கம்பின் இந்த முனையிலிருந்து. முதுகும் பிடரியும்தான் தெரியும். முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தான். மோந்து பார்த்துக் குந்துகிற நாயின் முகம் அப்படி இருக்காது. செத்துப்போனவை பயத்தில் கடைசியாக விட்டதெல்லாம் அந்தக் கோணியில் ஊறிக் கிடந்தது. அதன்மேல்தான் குட்டியைத் தினம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான்.

எழுந்தான். மழையில் நனைந்துகொண்டே இடது கையால் துண்டை வாரியெடுத்து, தெருக்கோடிக் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான்.

"இன்னாய்யா தூக்கிகினு போன?" என்றாள் ஜெனிட்டா.

"கோணி. நாறுது."

"இப்பத்தான் நாறுதா?"

அடுத்த நாளிலிருந்து குட்டியைக் கவனிக்க ஆரம்பித்தான். தொழிலில் ஒரு தெருவை எப்படிக் கவனிப்பானோ அப்படி. கஞ்சி குடித்து எவ்வளவு நேரத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது, தூங்கி எழுந்தால் எத்தனை அடிக்குள் குந்துகிறது, எல்லாம் மனதில் ஏற்றினான். நேரம் வந்ததும் ஜெனிட்டாவுக்குக் குரல் கொடுப்பான், அவள் தூக்கிப்போவாள். அவள் இல்லாத நேரத்துக்கு, தூக்காமல் கதவைத் திறந்துவிட்டுச் சுவரோரம் ஒட்டி நின்றுகொள்ளக் கற்றான். மரத்தடி மண்ணை வெட்டி மாற்றி, குட்டியின் மூத்திரம் பட்ட அதன் சொந்தத் துணியையே அங்கே போட்டான். முதல் வாரம் பாதி நாள் தப்பியது. குடல் ஆற ஆற, தப்புவது குறைந்தது. கார்த்திகை அன்று நடை முழுக்க அகல் எரிந்தது. பிங்கி இரண்டு வரிசை விளக்குக்கு நடுவே நடந்து பின்கட்டுக்குப் போய்விட்டு வந்தது. காசியம்மாள் பார்த்துக்கொண்டே அடுத்த அகலுக்கு எண்ணெய் விட்டாள்.

கட்டுப் பிரித்தபோது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. காண்ட்ராக்டர் ஆள் அனுப்பினார். வெள்ளைக்காரர்கள் வருகிற நேரம், கடற்கரையில் நாய் இருக்கக்கூடாது. போகாமல் இருக்க சம்பத்துக்கு வேறு வழி இல்லை.

அன்றைக்கு வேலை நாசமாகப் போனது. கோணலான கையில் கட்டை நிற்கவில்லை. ஒரே அடியில் ஒன்றுகூடப் போகவில்லை, மூன்று, நாலு என்று விழுந்தது. ஒரு செவலைப் பெட்டை மண்டை பிளந்தபின்னும் குப்பைமேட்டில் இருபது அடி தவழ்ந்து போனது. அவன் சட்டை, லுங்கி, முகமெல்லாம் தெறித்திருந்தது. "இன்னா மச்சான், புதுசா வந்தவன் மாதிரி," என்றான் கருப்பன்.

கடலில் இறங்கிக் குளித்தான், உப்பு மண்ணால் தேய்த்தான். போதாது என்று அவனுக்கே தெரிந்தது. பொழுது சாயும்முன் வீட்டுக்கு வந்து நடையில் கால் வைத்தபோது, காசியம்மாள் தன் அறை வாசலில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கோடியில் பிங்கி எழுந்து நின்றது. மூக்கைத் தூக்கியது. பின்னங்கால்கள் மடங்கத் தொடங்கின.

சம்பத் நின்றான். பின்னால் போவதா முன்னால் போவதா என்று தெரியவில்லை. காசியம்மாளின் கையில் சட்டி சாய்ந்தபடி இருந்தது, அவளும் குட்டியைத்தான் பார்த்தாள்.

பாதி மடங்கிய கால் அப்படியே நின்றது. பிறகு அந்தக் குட்டி நடையின் முழு நீளத்துக்கும் ஓடிவந்து, எகிறி, அவன் வலது மணிக்கட்டைக் கவ்வியது. பல் எலும்பு வரை இறங்கியது. விடவில்லை. உறுமிக்கொண்டே தொங்கியது. நாய்ப் பிடியை விடுவிக்க சம்பத்துக்குத் தெரியாதா? இடது கை பழக்கத்தில் அதன் தொண்டைக்குப் போனது. போய்ச் சடைக்குள் தொட்டுக்கொண்டு அப்படியே இருந்தது, அழுத்தவில்லை. ஜெனிட்டா அறை வாசலுக்கு வந்துவிட்டாள். மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள்.

குட்டிக்குத் தாடை ஓய்ந்தது. விட்டது. அவனைத் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கடந்து பின்கதவு வழியாக வேப்பமரத்தடிக்கு ஓடி, துணியின் மேல் குந்தியது. நிறைய நேரம் குந்தியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போய்யா. தொப்புள சுத்தி ஊசி போடுவாங்க," என்றாள் ஜெனிட்டா.

"போறேன். வூட்ட நாறடிக்கல, பாத்தியா," என்றான் சம்பத்.

காசியம்மாள் சட்டியை நிமிர்த்திக்கொண்டு வந்து தரையைக் குனிந்து பார்த்தாள். சிவப்பு சிமெண்டிலும் ரத்தம் தெரிந்தது.

"இது யாருது? நாயோடதா?"

"என்னுதுக்கா."

அவள் பின்கதவு வழியாக மரத்தடியை எட்டிப் பார்த்தாள். அப்புறம் அவன் கையைப் பார்த்தாள்.

"அப்ப நீ கழுவி வுடு," என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்றப் போனாள்.