எடுத்த தண்ணீரை எடுத்த இடத்திலேயே...

போன வாரம் எங்கள் வீட்டு நீச்சல் குளத்தில் ஒரு தவளை குடியேறியது.

சிரிக்காதீர்கள். எதற்குச் சிரிக்கிறீர்கள்? தவளைக்கா, நீச்சல் குளத்துக்கா? சரி, இரண்டுக்குமே சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்தேன். பச்சைத் தண்ணீர், பச்சைத் தவளை. படிக்கட்டின் முதல் படியில் சொந்தக்காரி மாதிரி உட்கார்ந்துகொண்டு, 'நீங்க யாரு, எந்த பிளாக்?' என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் நெய்வேலி மைன்ஸில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, எட்டு மாதம் முன்பு ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். டவுன்ஷிப்புக்கு வெளியே, பண்ருட்டி போகும் ரோட்டை ஒட்டி ஒரு வீடு விலைக்கு வந்தது. துபாயில் இருந்த ஒருவர் ஆசை ஆசையாகக் கட்டியது. பின்பக்கம் நாலடி ஆழத்தில் ஒரு நீச்சல் குளம். அதற்கென்று தனியாக ஒரு பம்ப் ரூம்!

என் கணவர் வீட்டை ஐந்து நிமிடம் பார்த்தார். பம்ப் ரூமை அரை மணி நேரம் பார்த்தார். முடிந்தது கதை. சமையலறையில் எத்தனை ஜன்னல் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவருக்குத் தெரியாது.

எனக்கும் ஆசை இருந்தது, மறைப்பானேன்? இரண்டு வருஷமாக மூட்டு வலி. "தண்ணிக்குள்ள நடங்கம்மா, முட்டி மேல பாரம் விழாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறந்தது சேத்தியாத்தோப்பு, பக்கத்திலேயே வெள்ளாறு. ஆனாலும் ஐம்பத்தேழு வயது வரை முழங்காலுக்கு மேல் நான் தண்ணீரில் இறங்கியதில்லை. பெண் பிள்ளை என்றால் கரையோடு சரி. இப்போது கொல்லைப்புறத்திலேயே ஒரு குளம் வந்துவிட்டது என்றால்... விடுவேனா?

குடிவந்த மறுநாளே பண்ருட்டி ஜவுளிக்கடைக்குப் போய், நீச்சல் டிரெஸ் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குங்கம்மா. பாப்பாவுக்கு என்ன வயசு?"

"அம்பத்தேழு."

கடைக்காரர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி நைட்டி செக்‌ஷனைக் கைகாட்டினார்.

அதை விடுங்கள். டிரெஸ் இல்லாதது அல்ல பிரச்சினை. தண்ணீர்தான். நாங்கள் வாங்கும்போதே அது பச்சை. பாதியை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டால் கொஞ்சம் வெளிறும், அடி தெரிவதற்குள் நாலு நாளில் மறுபடியும் பச்சை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நெய்வேலிக்காரர்களுக்கு வீடு பராமரிக்கத் தெரியாது! ஃப்யூஸ் போனால் கம்ப்ளெயின்ட். குழாய் ஒழுகினால் கம்ப்ளெயின்ட். கதவு தாழ்ப்பாள் ஆடினால் அதற்கும் டவுன்ஷிப் ஆபீஸ் நோட்டில் எழுதிவிட்டு வருவோம். என்றைக்காவது ஒருநாள் ஆள் வருவார். முப்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது. முதல்முறை தண்ணீர் பச்சையானபோது நானும் என் கணவரும் ஒரே நேரத்தில் பேனாவைத் தேடினோம் என்றால் நம்புவீர்களா?

ஆனால் பம்ப் என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். மைன்ஸில் அவர் பார்த்தது நிலத்தடித் தண்ணீரை வெளியேற்றும் பிரிவு. இங்கே நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். ராப்பகலாகப் பம்ப் ஓடினால்தான் கீழே ஆட்கள் வேலை செய்ய முடியும். 'தண்ணி ஏறினா தள்ளு.' இதுதான் அவருக்கு மந்திரம், ஸ்தோத்திரம் எல்லாம்.

குளத்துக்கும் அதையேதான் செய்தார். காலையில் பம்ப் போடுவார். உச்சி வெயிலில் பிளீச்சிங் பவுடரை விபூதி மாதிரி அள்ளித் தூவுவார். போர் மோட்டார் ஒரு பக்கம் புதுத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இவ்வளவு செய்தும் பச்சை. எத்தனையாவது தடவையோ மறுபடி பச்சையானபோதுதான் தவளை வந்தது. அன்றைக்கு அவருக்கு வந்தது பாருங்கள் கோபம்...

"போதும் வசந்தி. ரெண்டு லோடு செம்மண்ணுக்குச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை லாரி வருது. கொளத்தை மூடிப் பலாக்கன்னு வெச்சிடலாம்."

"என்னங்க இது... என் முட்டி?"

"பலாப்பழம் சாப்பிடு."

பலாப்பழம் சாப்பிட்டால் முட்டி வலி போகுமா? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை கேட்டிருக்கிறோம். குளத்தில் பூதம் புறப்பட்டால் மூடித்தான் ஆக வேண்டுமா? அன்று புதன்கிழமை. எனக்கு இருந்தது நாலே நாள். சத்தியமாகச் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது.

அழுதுகொண்டே வெங்காயம் நறுக்கினேன். காரணம் வெங்காயத்தின் மேல் போய்விடும் பாருங்கள். அப்போதுதான் அஞ்சலை வந்தாள். வீட்டு வேலைக்கு உதவியாகப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவள். வாய் கொஞ்சம் நீளம், கண் அதைவிட நீளம்.

"எம்மா, சாரு கொட்டுற மருந்தெல்லாம் எங்க போவுதுன்னு தெரியுமா உங்களுக்கு? பின்னால வந்து பாருங்க. வாழ எலயெல்லாம் வெளுத்துக்கினு இருக்குது. அந்தக் கொழாயி நாள் பூரா அங்கதான் ஊத்திக்கினு இருக்குது!"

போய்ப் பார்த்தேன். பம்ப் ரூமிலிருந்து வந்த குழாய் வழியாகக் குளத்துத் தண்ணீர், மருந்தோடு சேர்ந்து, ஜாம் ஜாமென்று வாழைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நேராகப் பம்ப் ரூமுக்குள் நுழைந்தேன். பழைய சொந்தக்காரர் ஒரு பிளாஸ்டிக் கவரில் மேனுவலை ஆணியில் மாட்டிவைத்துப் போயிருந்தார். கவரைப் பிரிக்கவே இல்லை! "மேனுவல் படிக்கிறது ட்ரெயினி வேலை" என்பது என் கணவரின் கொள்கை. நான் படித்தேன். மணல் நிரப்பிய ஒரு பெரிய தொட்டி இருக்கிறதே, அதுதான் ஃபில்டர். அதன் தலையில் ஒரு கைப்பிடி. 'ஃபில்டர்' என்ற பக்கம் திருப்பினால் தண்ணீர் மணலில் வடிகட்டப்பட்டுக் குளத்துக்கே திரும்பும். 'வேஸ்ட்' என்ற பக்கம் திருப்பினால் நேராக வெளியே போகும். எட்டு மாதமாகக் கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"என்னங்க, இதைத் திருப்பணும். தண்ணி கொளத்துக்கே திரும்பி வரணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எடுத்த தண்ணிய எடுத்த இடத்துலயே விடுறதுக்கு எதுக்கு வசந்தி பம்ப்?"

"அதுதாங்க நீச்சல் குளம்."

"மைன்ஸ்ல அப்படி விட்டிருந்தா எனக்கு மெமோ வந்திருக்கும்!"

ஒரு மணி நேரம் வாதாடினோம். முப்பத்திரண்டு வருஷத்தை ஒரு மேனுவலால் ஜெயிக்க முடியுமா? கடைசியில் எனக்கு அவருடைய பாஷையே கைகொடுத்தது. "லாரி வர்ற வரைக்கும் சார்ஜை என்கிட்ட கொடுங்க" என்றேன்.

சார்ஜ் என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்! வெள்ளைத்தாள் எடுத்து, 'பம்ப் ஒன்று, நல்ல நிலையில். சாவி இரண்டு. தவளை ஒன்று' என்று எழுதிக் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகுதான் சாவியைக் கொடுத்தார். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஏ ஷிஃப்ட் நேரத்தில், நான் டியூட்டியில் சேர்ந்தேன்.

மோட்டாரை நிறுத்தாமல் கைப்பிடியைத் தொடக் கூடாது என்று மேனுவலில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நிறுத்தினேன். பம்ப் ரூம் வாசலில் பேப்பர் படிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தவர் லேசாகத் தலையாட்டியதைக் கவனித்தேன். கைப்பிடியைத் திருப்பினேன். மறுபடி ஓடவிட்டேன். குளத்தின் சுவரிலிருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று திரும்பி வந்தது. நான் கைதட்டினேன். அஞ்சலையும் தட்டினாள். தவளை மட்டும் தாவி முந்திரி மரத்தடிக்குப் போய்விட்டது.

பெங்களூரில் இருக்கும் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், மருந்தை வெயில் தாழ்ந்த பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலே அதைத் தின்றுவிடும் என்று காட்டினார். அடடா, எத்தனை டப்பாவைச் சூரிய பகவானுக்குப் படையல் போட்டிருக்கிறோம்! சாயங்காலம் ஐந்தரைக்கு அளந்து கரைத்து ஊற்றினேன். சுவரை பிரஷ்ஷால் தேய்த்தேன். அஞ்சலை சருகு அள்ளினாள். ஃபில்டரில் அழுக்கு சேர்ந்தால் மீட்டர் முள் ஏறும். அப்போது தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு மணலைக் கழுவ வேண்டும். முதல் தடவை கழுவியபோது கீரைக் கடைசல் மாதிரி வந்தது பாருங்கள்... எனக்கு என்னமோ குழந்தைக்குச் சளி கரைந்த மாதிரி அப்படி ஒரு நிம்மதி.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வெளிறியது. சனிக்கிழமை பால் கலந்த மாதிரி இருந்தது. "திங்கக்கிழமை லாரி" என்று அவர் டிபன் சாப்பிடும்போது ஞாபகப்படுத்தினார். இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சலை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாயே குரைத்தது.

"எம்மா! ஓடியாங்க! அடியில மீனு இருக்குதும்மா!"

ஓடினேன், முட்டி வலியெல்லாம் மறந்துபோய். தண்ணீர் கண்ணாடியாக நின்றது. அடியில், நீலமும் வெள்ளையுமாக டைல்ஸில் பதித்த ஒரு பெரிய டால்ஃபின்! வாயை இளித்துக்கொண்டு வாலைத் தூக்கிக்கொண்டு... எட்டு மாதமாக எங்களோடு ஒரு டால்ஃபின் குடியிருந்திருக்கிறது, எங்களுக்கே தெரியாமல்!

நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முழங்கால்... இடுப்பு... நெஞ்சு. உடம்பு எடையே இல்லை. நடந்தேன். முட்டி வாயே திறக்கவில்லை! இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்குச் சின்னப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டே நடந்தேன். "வாங்க, நீங்களும் இறங்குங்க" என்று அவரைக் கூப்பிட்டேன்.

அவர் கரையிலேயே நின்றார். முகம் சரியில்லை.

"எனக்கு வேணாம் வசந்தி. பள்ளத்துல தண்ணி நிக்கிறதைப் பார்த்தாலே, பம்பு நின்னுபோச்சோ, கீழ ஆளுங்க இருக்காங்களோன்னு தோணுது. குடிவந்த நாள்லேருந்து அப்படித்தான்."

முப்பது வருஷம் பிளாஸ்கில் டீ ஊற்றி அனுப்பியிருக்கிறேன். இந்தப் பயத்தைச் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் போனார் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. மண்ணுக்குச் சொன்னது தவளையால் அல்ல, இதனால்தான்.

"கீழ யாரும் இல்லைங்க. நான்தான் இருக்கேன். வாங்க" என்று கையை நீட்டினேன்.

வேட்டியை மடித்துக் கட்டினார். ஒவ்வொரு படியாக இறங்கினார். அவர் கொஞ்சம் நல்ல உடம்பு. விளிம்பு வரை நின்ற தண்ணீர் சளக்கென்று வெளியே வழிந்து அவருடைய செருப்பை நனைத்தது.

"பாரு, பாரு! ஏறுது!"

"தண்ணி ஏறலைங்க. நீங்க இறங்கியிருக்கீங்க!"

அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்று, தண்ணீர் மட்டம் தொடுகிற டைல்ஸ் கோட்டில் கண்ணை வைத்தார். நான் நாலு நடை நடந்தேன். எட்டு நடை நடந்தேன். அவர் அசையவில்லை.

"வசந்தி... அப்படியே நிக்குது."

"எது?"

"தண்ணி. அரை மணி நேரமா பாக்கறேன். ஒரு இஞ்ச் ஏறல."

அஞ்சலையைப் போனை எடுத்துவரச் சொன்னார். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டே லாரிக்காரரிடம், மண் வேண்டாம் என்று சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அப்பாடா என்று தலையைப் பின்னால் சாய்த்தார்.

ரிடையர்மென்ட் ஆர்டர் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆனால் என் கணவர் ரிடையர் ஆனது போன ஞாயிற்றுக்கிழமை காலையில்தான்.