எழுபத்தோராம் பக்கம்

நான் ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்தேன். தவறுதலாக அல்ல. தெரிந்தே!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உன்னிடம் சொல்ல வாய் வருகிறது.

அப்போது நான் மதுரையில் இளங்கலை உளவியல் கடைசி வருடம். ஆய்வேட்டுக்கு நான் எடுத்த தலைப்பு, தொழிற்சாலைப் பெண்களின் மனஅழுத்தம். ஒத்தக்கடையிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கப்பலூருக்குப் போவேன். அங்கே பிளாஸ்டிக் டப்பாக்கள் செய்கிற ஒரு சிறிய கம்பெனி எனக்கு அனுமதி கொடுத்திருந்தது. மேலாளர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. ஆய்வு முடிந்ததும் பைண்டிங் செய்த பிரதி ஒன்றை அவர்களுக்கும் தர வேண்டும். வாசலில் நின்றபடியே சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அறுபது பெண்கள். சாப்பாட்டு நேரத்தில் வெளிக்கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்கள். படிவத்தை நீட்டி ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டைப் பாடினேன்.

"பேரு எழுத வேணாம்க்கா. என்னையும் எங்க மேடத்தையும் தவிர ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. சத்தியமா."

சத்தியம்... எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை!

எல்லாம் டிக் அடிக்கிற கேள்விகள். கடைசியில் மட்டும், 'உங்கள் மனத்தில் இருப்பதை எழுதலாம்' என்று நான்கு கோடு போட்டிருந்தேன். பெரும்பாலானவர்கள் வெறுமனே விட்டார்கள். மகேஸ்வரி அக்கா மட்டும் கோடு போதாமல் ஓரமெல்லாம் எழுதினார். நாற்பதை நெருங்கும் வயது. சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுதினார்.

"இம்புட்டு எழுதலாமா பாப்பா? எங்கள இதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல, அதேன்."

என்ன எழுதியிருந்தார் தெரியுமா? கழிப்பறைக்குப் போனால் சூப்பர்வைசர் வெளியே நின்று நிமிடம் பார்க்கிறார். திரும்பி வந்ததும் எல்லார் முன்னாலும் அதைச் சத்தமாகச் சொல்லிச் சிரிக்கிறார். அந்த வெட்கத்துக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வந்து வந்து போகிறது. சில நாள் கம்பெனி வேனை விட்டு இறங்காமல் அப்படியே எங்கேயாவது போய்விடலாமா என்று இருக்கிறது...

படித்தேன். கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை நம்பாதே! அதற்கு ஆயுசு ஒரு பஸ் பயணம்தான்.

என் பித்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒழுங்கு என்றால் உயிர். இடது ஓரம் ஒன்றரை அங்குலம், வரிகளுக்கு நடுவே ஒன்றரை இடைவெளி, முன்பக்கங்களுக்கு ரோமன் எண், அட்டவணைத் தலைப்பு மேலே, படத் தலைப்பு கீழே. வகுப்பில் பாதிப் பேர் தங்கள் ஆய்வேட்டை நேராக்கித் தரச் சொல்லி என்னிடம்தான் வருவார்கள். தலைக்கனம் இல்லாமல் இருக்குமா?

எங்கள் நெறியாளர் மேடம் சொன்னார்: "பின்னிணைப்புல ஃபில் பண்ண ஃபார்ம் ஒண்ணு வச்சிரும்மா. கையெழுத்து பளிச்னு இருக்கணும்."

அறுபதையும் பரப்பினேன். எண்ணெய்க் கறை, கிறுக்கல், கிழிசல். நடுவில் மகேஸ்வரி அக்காவுடையது, முத்து முத்தாக. ஓர் அடித்தல் இல்லை! ஸ்கேன் செய்து சேர்த்தேன். என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்போது நான் பார்க்கவே இல்லை. எழுத்தை மட்டும் பார்த்தேன். மூன்றாம் இயலில், பங்கேற்றவர்களின் ரகசியம் முழுமையாகக் காக்கப்பட்டது என்று அழகான ஆங்கிலத்தில் நானேதான் தட்டச்சு செய்திருந்தேன்.

இதுவரை நடந்தது பிழை. இதை நீ மன்னித்துவிடுவாய். பொறு, அவசரப்படாதே.

மறுநாள் சமர்ப்பிக்கக் கடைசி நாள். ஆய்வு முடிந்ததற்கான கடிதத்தில் மேலாளரின் கையெழுத்து வேண்டும். பிரதியோடு கப்பலூருக்குப் போனேன். அன்றுதான் முதல்முறையாக என்னை உள்ளே, அவருடைய அறைக்கு விட்டார்கள். அறைக்கு ஒரு பக்கம் கண்ணாடி. அதற்கு அப்பால் இயந்திரங்கள் ஓடுகிற கூடம். கூடத்துச் சுவரில் ஒரு பெரிய கரும்பலகை. அன்றைய உற்பத்தி, யார் யாருக்கு எந்த இயந்திரம், எல்லாம் சாக்பீஸில் எழுதியிருந்தது.

முத்து முத்தாக!

மகேஸ்வரி அக்காவின் எழுத்து. அந்தக் கம்பெனியில் அந்தக் கையெழுத்தைத் தெரியாதவர் ஒருவரும் இருக்க முடியாது. தினமும் அதைப் பார்த்துத்தான் அவரவர் இடத்துக்கே போகிறார்கள்.

பிரதி இன்னும் என் மடியில்தான் இருந்தது. மேலாளர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடமாவது பேசியிருப்பார். நான் எழுந்து போயிருக்கலாம். பிரதியை மறந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கழிப்பறைக்குப் போய் அந்த ஒரு தாளைக் கிழித்திருக்கலாம்... கிழிக்கத்தான் நினைத்தேன். ஏன் கிழிக்கவில்லை தெரியுமா?

உள்ளடக்கத்தில் பின்னிணைப்பு இரண்டு, பக்கம் எழுபத்தொன்று என்று இருந்தது. எழுபதுக்கு அடுத்து எழுபத்திரண்டு வருமே! பைண்டிங் பிய்ந்து தெரியுமே! சத்தியமாக இதைத்தான் யோசித்தேன். நானும் ஒரு மனுஷியா?

மேலாளர் பேசி முடித்துக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

ஆங்கிலப் பக்கங்களை விறுவிறுவென்று தள்ளிக்கொண்டே போனவர், தமிழைக் கண்டதும் நின்றார். நிதானமாகப் படித்தார். தலையை நிமிர்த்திக் கண்ணாடி வழியே பலகையைப் பார்த்தார். பிறகு என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"ரொம்ப நீட்டா பண்ணிருக்கம்மா."

நன்றி சார் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மகேஸ்வரி அக்கா போனில் அழைத்தார். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.

"சூப்பர்வைசரப் பத்திக் கண்டபடி பேசுனியாமேன்னு கேக்குறாக பாப்பா. நான் யாருட்ட பேசுனேன்? ஒங்கிட்ட எழுதிக் குடுத்தேன். வசந்திகிட்ட சொல்லி அழுதேன். நீ யாருட்டயும் காமிக்கலேல்ல?"

"இல்லக்கா," என்றேன். இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"அப்ப அவதேன்," என்று சொல்லி போனை வைத்தார்.

வசந்தி, பத்து வருடமாக வேனில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தோழி. ஒரே வார்த்தையில் அக்காவின் பிழைப்போடு அந்தத் துணையையும் பறித்துவிட்டேன். திரும்ப அழைத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அன்று, மறுநாள், அடுத்த வாரம்... சொல்லவில்லை.

என் ஆய்வேட்டுக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். இன்றும் துறையில் அதுதான் மாதிரிப் பிரதி. புதிதாக வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் ஓரம் வைக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு வேலையாகப் பரவைக்குப் போயிருந்தேன். மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கடை வாசலில் பலகை. கத்தரி, வெண்டை, முருங்கை... முத்து முத்தாக. என் கால் நின்றுவிட்டது. ஓடிப்போயிருக்க வேண்டும். அதற்குள் அக்கா பார்த்துவிட்டார்.

"ஏ பாப்பா! என்ன இப்புடி மெலிஞ்சு போயிட்ட?"

என் கையைப் பிடித்து உட்கார வைத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். நானாகத்தான் வசந்தியைப் பற்றிக் கேட்டேன். எந்தத் துணிச்சலில் கேட்டேனோ! அக்காவின் முகம் சுண்டிவிட்டது. "அவ மக கல்யாணத்துக்குக்கூட நான் போகல," என்றார்.

இப்போது சொல், இப்போது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா கேட்டுவிட்டார், கொஞ்சம் கூச்சத்தோடு.

"அந்தப் புஸ்தகம் போட்டியே, அதுல நான் எழுதுனது இருக்கா? ஒரு நாளைக்கு எடுத்துட்டு வந்து காமி பாப்பா. பாக்கணும்னு ஆசையா இருக்கு."

இருக்கிறது என்று சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"இல்லக்கா... அதுல சேக்கல."

அவர் சிரித்தார். சிரிக்கத்தான் முயன்றார்.

"சரி விடு. நம்ம எழுதுறத எவுக போடுவாக?"

முருங்கைக்காயில் ஒரு கட்டு எடுத்து என் மடியில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். வாரேன்க்கா என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.