குன்னத்தில் ஒரு படகு பேரம்

பழைய பாய்மரப் படகுகளை விற்கவும் வாங்கவும் பேசி முடிக்கிற புரோக்கர் வேலை எனக்கு. ஆபீஸ் கொச்சியில், சொந்த ஊர் அரியலூர். கடலே இல்லாத, மக்காச்சோளமும் வெங்காயமும் விளைகிற குன்னத்திலிருந்து ஒருவர் படகு கேட்டபோது, முகவரியை இரண்டாம் முறை சொல்லச் சொன்னேன்.

கேட்டவர் செல்வராசு. சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு படகிலேயே தங்கி, கரையோரமாகக் கோவா வரை போக வேண்டும் என்பது அவர் ஆசை. நான் காட்டிய படகுகளையெல்லாம் மனைவி மல்லிகா தட்டிக்கழித்தார். ஒன்றில் நிமிர்ந்து நிற்க முடியாது, இன்னொன்றில் கக்கூஸ் கதவு மூடாது. கடைசியில் கொச்சியில், பல வருடம் படகிலேயே குடியிருந்த ஒரு கேப்டனின் படகை நேரில் பார்த்துவிட்டு, "இதுன்னா வரேன். இல்லன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றார். செல்வராசுக்கு அந்த ஒரு படகுதான் வழி.

பேச்சை முடிக்கக் குன்னம் போனேன். மல்லிகாவின் அண்ணன் கோவிந்தன் எனக்கு முன்பே வந்திருந்தார். அந்தப் பக்கத்தில் மாடு வாங்குகிறவர்கள் விலை பேசத் துணைக்குக் கூட்டிப்போகும் ஆள் அவர்.

"ஒங்களுக்குக் கமிஷன் யாரு தராங்க?" என்றார்.

"விக்கிறவர்தாங்க. இந்தத் தொழில்ல அதான் வழக்கம்."

"அப்ப நீங்க அவரு ஆளு. மாப்ளைக்குன்னு ஒரு ஆளு வேணும்ல? நான் பேசிக்கிறேன்."

விற்பவரையும் வாங்குபவரையும் நேருக்கு நேர் மோதவிடாமல் காப்பதுதான் என் வேலையில் பாதி. அதை நான் விளக்கி முடிப்பதற்குள், கோவிந்தன் செல்வராசின் போனிலிருந்து கேப்டனுக்கு வீடியோ கால் போட்டுவிட்டார்.

கேப்டன் சந்தோஷமாகப் படகைச் சுற்றிக் காட்டினார். கோவிந்தன் ஆரம்பித்தார்.

"என்னா, பாயி இப்புடி நைஞ்சு கெடக்கு? கெழட்டு மாட்டுத் தோலாட்டம்!"

"இந்தச் சந்துலயா சமைக்கிறது? எங்கூட்டுக் கோழிக்கூண்டு இதவிடப் பெருசு."

"மாப்ள ஏதோ ஆசப்படுறாரு. இத வேற எவன் வாங்குவான்?"

மாட்டுச் சந்தையில் இதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கேப்டன் சந்தைக்குப் போனதில்லை. ஆனால் தமிழ் அவருக்கு நன்றாகவே தெரியும். படகை விற்கவில்லை என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

கோவிந்தன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கோச்சுக்கிட்டாரா? அப்ப வெல எறங்குது."

செல்வராசு எழுந்து கொல்லைப் பக்கம் போனார்.

"அண்ணே, அவரு மாட்டயா விக்கிறாரு?" என்றார் மல்லிகா. "பல வருசம் குடியிருந்த வூடுண்ணே அது."

நான் வாசலுக்கு வந்து கேப்டனை அழைத்தேன்.

"என் படகு கோழிக்கூண்டா?" என்றுதான் போனை எடுத்தார்.

"கேப்டன், எங்க ஊர்ல வாங்காதவன்தான் 'நல்லாருக்கு'ன்னு சொல்லி டீயக் குடிச்சிட்டுப் போயிடுவான். வாங்குறவன்தான் கொற சொல்லுவான். தங்கச்சி இருக்கப்போற எடமாச்சே, அதான் இவ்ளோ திட்டுறாரு."

கேப்டனின் குரல் தணிந்தது. பிறகு கேட்டார்: "சமையலறையைத் திட்டினார், சரி. கீல் போல்ட்டைப் பத்திக் கேக்கவே இல்லையே?"

கீல் என்பது படகு கவிழாதபடி அடியில் பொருத்திய கனமான பாகம். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் சில துருப்பிடித்திருந்தன. என்னிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

"மாத்தாம அந்தம்மாவை ஏத்திட்டுக் கடலுக்குப் போகக் கூடாது. நானே மாத்தித் தரேன்னு சொல்லுங்க" என்றார்.

உள்ளே போய்ச் சொன்னேன். கொல்லையிலிருந்து செல்வராசு ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். கோவிந்தன் அசையவில்லை. "பாத்தீங்கள்ல? நான் பேசுனதாலதான் உண்மை வெளிய வந்துச்சு."

அது உண்மைதான். போல்ட்டுகளை மாற்றி, படகுகளைச் சோதித்துச் சான்று தரும் சர்வேயர் சரி சொன்ன பிறகு அவர்கள் படகை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாங்குகிறவர் வீட்டில் வாயடிக்கிற மச்சான் ஒருவர் இருந்தால் அவரை ஒதுக்காதீர்கள். முழுக்கப் பேசவிடுங்கள். போனை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள். அவர் சொன்னதை விற்பவரிடம் வடிகட்டிச் சொல்லுங்கள். அந்த வடிகட்டலுக்குத்தான் நமக்குக் கமிஷன்.