கேமராவுக்கு முன் நிற்கும் முடி

குடை பிடித்தும் மழையில் நனைந்து எங்கள் மட்டாஞ்சேரி பார்லருக்குள் வந்த சேச்சி, தலையைக் கவிழ்த்துத் துவட்டியபோதுதான் எனக்கு அது தோன்றியது: மெல்லிய முடியைக் கவிழ்த்தே உலர்த்தினால் வேரிலிருந்து எழுந்து நிற்குமே!

கறுத்து மெலிந்த மனுஷி. சனிக்கிழமைதோறும் பக்கத்து பிரவுசிங் சென்டரில் துபாய் மகனோடு பேசப் போகுமுன் வருவார். "கேமராவுல மண்டை தெரிஞ்சா அம்மைக்குச் சுகமில்லைன்னு பயந்திருவான், மோளே."

உலர்த்தி, உச்சியில் சீப்பால் எதிர்ப்பக்கம் வாரிவிட்டேன். வழக்கம்போல் கண்ணாடி பார்க்காமல் உள்ளங்கையால் உச்சியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் குடைக்காகத் திரும்பி வந்தார். "அவன் வரலை. வேலைத் திரக்காம், நேரமே இல்லையாம்."

"வாரிப் படிய வச்சிரவா, சேச்சி?"

"வேண்டாம். வீட்டுக்குப் போற போட்டுல யாராச்சும் பாக்கட்டும்."

படகுக் காற்றில் அந்த முடி படுத்துவிட்டிருக்கும். வரும் சனிக்கிழமை வேரில் ரோலர் சுற்றிப் பார்க்கப்போகிறேன், மகன் வந்தாலும் வராவிட்டாலும் அவர் வீடு சேரும்வரை நிற்கும்படி.