கீழ்ப்பீலித் தண்ணீர்

உபதேசியார் தோட்டத்துக்குள் வரக்கூடாது என்று பெரிய கங்காணி தடுத்த வாரத்தில்தான் எங்கள் ஜெபக்கூட்டம் உண்மையாகத் தொடங்கியது. இதைச் சபையில் சொன்னபோது சிலருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டாலும் நடந்தது அதுதான்.

ரயில் பண்டாரவளை வரைக்கும் வந்து, பதுளைக்கு இன்னும் வராத காலம் அது. நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. எங்களுக்கு வேதம் சொல்ல உபதேசியார் பதுளையிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே வருவார். ஒரே வரிசையாக அறைகள் கட்டிய லயத்தில், காம்பிராக்களின் முன்னால் நீளமாக ஓடும் இஸ்தோப்புத் திண்ணையில் பத்துப் பதினொரு பெண்கள் உட்காருவோம். அப்போது எங்களில் ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது. ஆகையால் அவர் வேதப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அடுப்படியில் கிடக்கும் ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்குவார். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச்சு. ஒருநாள் என் சுளகை வாங்கினார். நாம் புடைக்கும்போது கண் கல்லைத் தேடுகிறது, பிதா புடைக்கும்போது அவர் கண் அரிசியைத் தேடுகிறது என்றார். அதற்குப் பிறகு பல நாள் என்னால் அரிசி புடைக்கவே முடியவில்லை. கை நின்று நின்று போகும்.

கூட்டத்தில் உட்காருகிற பெண்கள் எதிர்த்துப் பேசப் பழகுகிறார்கள் என்று, ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணி வெள்ளைக்காரத் துரையிடம் சொன்னார். அது பொய்யில்லை. துரை அதை விசாரிக்கவில்லை, தலையை ஆட்டிவிட்டார். அடுத்த முறை உபதேசியார் வந்தபோது தோட்டத்து எல்லையிலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல உட்கார்ந்தோம். அவர் வரவில்லை. எழுந்து போகலாம் என்று நான்தான் சொன்னேன். அப்போது எங்களில் மூத்தவள் ஒருத்தி, தன் கொழுந்துக் கூடையை இழுத்து நடுவில் வைத்தாள். அதிகம் பேசாதவள். கூடையின் கயிறு தலையில் அழுத்துகிற இடத்தில் அவளுக்கு முடியே கிடையாது. அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, இந்த வழுக்கை என் பாவத்தால் வந்ததில்லை, சுமையால் வந்தது, அது பிதாவுக்குத் தெரியும் என்றாள். அவ்வளவுதான். யாரும் எழுந்து போகவில்லை.

அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டோம். வாரம் ஒருத்தி ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். அதில் அவள் கண்டதைச் சொல்ல வேண்டும். படித்தவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். எங்களிடம் இருந்தது அவ்வளவுதான், நாங்கள் வெட்கப்படவில்லை. ஒருத்தி காலில் ஒட்டியிருந்த அட்டையோடே வந்துவிட்டாள். பிடித்து இழுத்தால் புண்ணாகும், உப்பு வைத்தால் தானாக விழும், மனதில் ஒட்டிக்கொண்ட கோபத்தை நான் பிடித்து இழுப்பதில்லை, ஜெபத்தை வைக்கிறேன் என்றாள். நன்றாகத்தான் சொன்னாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“இந்த அட்டையாச்சும் வயிறு நெறஞ்சா விழுந்துரும். நம்ம பெரிய கங்காணிக்கு வயிறே நெறையாது” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அது அவர் காதுக்குப் போய்விட்டது. இனி லயத்தில் நாலு பெண்கள் சேர்ந்து உட்காரக் கூடாது என்று கணக்கப்பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போனார். சரி என்றோம். அடுத்த ஞாயிறு அழுக்குத்துணி மூட்டையோடு பீலிக்குப் போனோம். துணி துவைக்கப் பெண்கள் பீலிக்குப் போகக் கூடாது என்று எந்தக் கங்காணியால் சொல்ல முடியும்?

பீலி என்றால் ஓடையிலிருந்து தகரக் குழாய் வழியாகத் தண்ணீர் விழும் இடம். எங்கள் தோட்டத்தில் இரண்டு இருந்தன. மேல்பீலி எங்களுக்கு. அதில் நாங்கள் குளித்து, துவைத்து, கால் கழுவியது போக மிச்சம் ஓடிக் கீழ்ப்பீலியில் விழும். அது கீழ் லயத்து ஆட்களுக்கு. கீழ் லயத்தில் எந்தச் சாதியைக் குடிவைத்திருந்தார்கள் என்று தமிழ் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருந்ததைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, லயத்தையும் அப்படியே மேலும் கீழுமாகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

பீலிக்கரையில் முதல் வாரம் என் முறை. கிளை வெட்டிக் கவ்வாத்து முடிந்த செடிகளின் மேல் படுக்க வைத்து மட்டம் பார்க்கிற நீளக் கம்பைக் கொண்டுபோனேன். மட்டக்கம்பு என்போம். கம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கொப்பும் கிடையாது, கீழே பதுங்குகிற கொப்பும் கிடையாது, பிதா முன்னால் துரையும் நாமும் கங்காணியும் ஒரே மட்டம் என்று உரக்கப் பேசினேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. கீழே, நாங்கள் எழுந்து போகட்டும் என்று பானையோடு காத்து நின்ற கீழ் லயத்துப் பெண்ணை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அவள் புருஷனை இழந்தவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் அவளை “ஏ, இங்க பாரு” என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்னை “தாயி” என்பாள்.

அடுத்த வாரம் எங்கள் பேச்சு தொடங்குமுன் அவள் மேடேறி வந்தாள். தலையில் பானை. நேராக எங்கள் நடுவில் வந்து அதை இறக்கினாள். இரண்டு பேர் சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன். மறைக்க மாட்டேன்.

“போன வாரம் நீங்க மட்டக்கம்ப வச்சுப் பேசுனத அங்கன நின்னு கேட்டேன் தாயி. வாரம் ஒருத்தி ஒரு சாமான் கொண்டாரணும்ல. நான் இதக் கொண்டாந்தேன். கீழ்ப்பீலித் தண்ணி.”



“நீங்க கால் கழுவி விட்ட தண்ணிதான் இது. அழுக்குன்னு பாத்தா அது ஒங்க அழுக்கு. எனக்கு வேற சொல்லத் தெரியாது. குடிங்க.”

ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு என் முன்னால் நீட்டினாள். கங்காணியை அட்டை என்று சொல்லும்போது பயப்படாத நான், ஒரு சிரட்டைத் தண்ணீரைப் பார்த்துப் பயந்தேன். மாமியார் முகம் வந்தது. ஊரில் இருக்கிற என் ஆத்தா முகம் வந்தது. அப்புறம் கோபம் வந்தது. முதலில் அவள்மேல், பிறகு என் மேலேயே. வாங்கிக் குடித்தேன். ஒரே மூச்சில், சிரட்டை காலியாகும்வரை.

குடித்துவிட்டு, “உக்காருங்கக்கா” என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் அதை நான் சொன்னது எனக்குத் தெரிந்தது.

எனக்குப் பிறகு இரண்டு பேர் குடித்தார்கள். கூடைக்காரி ஒருத்தி, அட்டையோடு வந்தவள் ஒருத்தி. மற்றவர்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் ஆறு பேர் பிறகு வரவே இல்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நல்லவர்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. மாமியார் அடுப்பைத் தொடாதே என்று மட்டும் சொன்னார். என் பானையும் தட்டும் இஸ்தோப்பில் கிடந்தன. மூன்று கல்லைக் கூட்டி அங்கேயே சமைத்தேன். என் புருஷன் உள்ளே தன் தாயோடு சாப்பிட்டார்.

மறுநாள் விடிகாலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பும் அந்த மைதானத்தில், பெரிய கங்காணி எல்லோரையும் நிறுத்திவைத்துக் கேட்டார்.

“கீழ் லயத்துப் பானையில தண்ணி குடிச்ச பொம்பள எவ?”

“நான்தாங்க” என்றேன்.

“எதுக்குக் குடிச்ச?”

“தாகமா இருந்துச்சுங்க.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் முகம் கறுத்தது. இன்றைக்கே மூட்டையைக் கட்டு, உனக்கு இந்தத் தோட்டத்தில் பேர் கிடையாது என்றார். அப்போது கூடைக்காரி நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் குடித்த மற்றவளும் வந்தாள். கடைசி வரிசையிலிருந்து கீழ் லயத்து அக்கா வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கீழ் லயத்துப் பெண்கள் முழுப் பேரும் வந்து நின்றார்கள். கூப்பிடாமலே வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வேதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“அவங்க பேர வெட்டுனா எங்க பேரையும் வெட்டிருங்க” என்றார்கள் அக்கா.

துரை குதிரையில் வந்தார். கங்காணி நீளமாக விளக்கினார். துரை எங்களைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். மழை விட்டு வெயில் அடித்துக் கொழுந்து தள்ளிக்கொண்டிருந்த வாரம் அது. இரண்டு நாள் விட்டால் முற்றிப் போகும். எல்லாரும் மலைக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார். துரை எங்களைக் காப்பாற்றினார் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். இல்லை. அவருக்குக் கொழுந்து வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் சேர்ந்து நின்றதால் அவருக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

கங்காணி சும்மா விடவில்லை. எங்கள் நாலு பேரையும் உச்சி மலைக்குப் போட்டார். காலை ஊன்ற இடமில்லாத சரிவு, அட்டைக்காடு. எட்டு மாதம் அங்கேயே பறித்தோம். அவர் எங்களைப் பிரித்துப் போட்டிருக்க வேண்டும். சேர்த்துப் போட்டது அவர் செய்த தவறு. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை நாங்கள் வாரம் முழுக்கப் பேசினோம்.

வீட்டில் பன்னிரண்டாம் நாள் என் புருஷன் தட்டை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்து என் அடுப்பருகே உட்கார்ந்தார். நான் போட்டதைச் சாப்பிட்டார். குழம்பில் புளி கூட என்று சொன்னார். மாமியார் கடைசிவரை என் கையால் சாப்பிடவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, பதுளைப் பாதிரியார் துரையிடம் பேசி, உபதேசியாருக்கு மறுபடி அனுமதி வாங்கிக் கொடுத்தார். அவர் வந்த அன்று பீலிக்கரையில் பதினேழு பெண்கள் இருந்தோம், மேல் லயமும் கீழ் லயமுமாக. அவருக்குக் கண் கலங்கியது. ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, புத்தகத்தை மடியில் வைக்காமல் கையில் விரித்துப் பேசத் தொடங்கினார். அன்று அக்காவின் முறை. தன் பழைய கம்பளியை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இன்று பேச வேண்டியது அக்கா என்று நான் அவரிடம் சொன்னேன். பெண்கள் தங்களுக்குள் ஜெபிக்கலாம், போதிப்பது முறையில்லை, நான் வந்துவிட்டேன் அல்லவா என்றார் அவர். கெட்ட மனுஷர் இல்லை. எங்களுக்காக எத்தனையோ மைல் நடந்தவர். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

“நீங்க வராதப்ப எங்களுக்குச் சொன்னது இவங்கதாங்க. இவங்க கொண்டாந்த தண்ணியக் குடிச்சுத்தான் நான் கிறிஸ்தவச்சி ஆனேன், ஒங்க புஸ்தகத்தால இல்ல. கோவிச்சுக்காதீங்க. உக்காருங்க, அவங்க முடிக்கட்டும்.”

அவர் புத்தகத்தை மூடினார். பிறகு கல்லிலிருந்து இறங்கி, எங்களோடு ஈரத்தரையில் உட்கார்ந்தார்.

அக்கா கம்பளியை விரித்தார்கள். விரல் நுழைகிற ஓட்டை பத்துப் பதினைந்து இருக்கும்.

“ஓட்டை விழுந்துருச்சுன்னு இத நான் வீசல. இன்னைக்கும் மழைக்கு இதத்தான் போத்திக்கிட்டுப் போறேன். என்னையும் பிதா வீச மாட்டாரு.”

உபதேசியார் ஏதோ சேர்த்துச் சொல்ல வாயெடுத்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். அன்றைய ஜெபத்தை முடித்து வைத்ததும் அக்காதான்.