காலை பத்து மணிக்கு வரச் சொன்னேன்

அன்று வீதியோரத்தில் நின்றது நானும் கடைக்காரக் காதர் நானாவும் மட்டுமே. லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் ஒருவர்கூட இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து வீதி முடக்கில் பதுளை பஸ் நிற்க வேண்டும் என்று மனு எழுதியவன் நான். அது நிற்காததால் பிள்ளைத்தாய்ச்சிகள்கூட இரண்டு மைல் நடந்தார்கள். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று பார்க்க, காலை பத்து மணிக்கு வரும்படி அதிகாரியை அழைத்ததும் நானே. அந்த நேரத்தில் என் அம்மாவே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நிற்பாள் என்பது படித்த எனக்குத் தோன்றவில்லை.

"ரெண்டு பேருக்காகவா பஸ்ஸை நிறுத்துறது?" என்று கேட்டுவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறப் போனார்.

"வாயத் தொறந்து கூப்பிடு தம்பி, பாத்துக்கிட்டே நிக்கிற!" என்றார் நானா. மலையைப் பார்த்துக் கத்தினேன்.

கங்காணி தடுக்கத் தடுக்க, பெண்கள் கூடையோடு இறங்கி வந்தார்கள். "ஏன்டா, சாயங்காலம்னு எழுத ஒன் பேனாவுக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா, மூச்சு வாங்க. எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி தலைகளை எண்ணி எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் பஸ் நின்றது. இன்றும் அதில் என்னால் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார முடிவதில்லை. வேலையை விட்டு இறங்கியதற்காக அன்று அவர்களுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள். முப்பத்தொரு பெண்களுக்கு ஆளுக்குப் பாதி நாள் சம்பளம் போயிற்று.